சுகிர்தாவுக்குக் காது கேட்ட நாள்

வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. அந்தப் பக்கம் சன்னல் வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். யாரு ஆட்டத்தப் பாக்க வந்திய? தெரிஞ்ச பிள்ள யாரும் இல்லியா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்குன்னு உள்ள நுழைஞ்சியளா? அதுவும் நல்லதுதான். யாருக்கும் சொந்தக்காரரா இல்லாத ஆளுகிட்டப் பேசுறதுல ஒரு வசதி இருக்கு.

என்ன, கூப்பாடே இல்லாம ஆடுதாளுவளேன்னு பாக்கியளா? அம்புட்டுப் பேருக்கும் காது கேக்காது. புட்சால்னு பேரு, நம்ம கால்பந்துதான், கூரைக்குக் கீழ, பக்கத்துக்கு அஞ்சு பேரு. நடுவரு கையில கொடி இருக்கு பாருங்க. அதத் தூக்கினாத்தான் ஆட்டம் நிக்கும். பந்து வேணும்னா காலால தரைய ஓங்கி மிதிப்பாளுவ, பலகைத் தரைதான, அதிர்வு அடுத்தவ காலுக்குப் போயிரும். காதுல மெஷின் மாட்டுறவளும் அதக் கழட்டி அம்மா கையில குடுத்துட்டுத்தான் இறங்கணும். சட்டம் அப்படி. எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்கணும்லா.

அன்னா, அந்த ஏழாம் நம்பரப் பாருங்க. ஒல்லியா, ரெட்டச் சடைய மடக்கிக் கட்டினவ. சுகிர்தா. பதினேழு வயசு. அவளுக்கு நான் ஒரு துரோகம் பண்ணிட்டேன். இல்ல, துரோகம்னு சொல்லப்படாது. ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சுன்னுதான் சொல்லணும், ஏன்னா அன்னைக்கி ஏசி ஓடல.

இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன்.

நான் காது பரிசோதனை பண்ணுத ஆளு. பேரு ஐயம்பெருமாள். டாக்டர் வேற, அவரு கையெழுத்துப் போடுவாரு. மெஷின் முன்னாடி உக்காருதது நான்தான். இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. ஒரு ரிப்போர்ட்டு தப்புன்னு திரும்பி வந்ததில்ல, கேட்டியளா. சத்தம் புகாத ஒரு சின்ன ரூமு இருக்கும். அதுக்குள்ள ஆள உக்கார வச்சி, காதுல ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்துருவோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நான் சத்தம் விடுவேன். கேட்டா அமுக்கணும், கேக்கலன்னா சும்மா இருக்கணும். சத்தத்தக் கூட்டிக் கொறச்சு, எதுல கேக்குதுன்னு பாத்து ஒரு நம்பர் போடுவோம். நம்பர் கூடக் கூடக் காது மந்தம்னு அர்த்தம். இந்த ஆட்டம் ஆடணும்னா, நல்லா கேக்குத காதுலயே அம்பத்தஞ்சாவது இருக்கணும். அம்பத்தினாலுன்னா வீட்டப் பாத்துப் போவ வேண்டியதுதான். உனக்குச் செவிடு பத்தாதுன்னு ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்புற இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க.

இந்த வேலையில ஒரே ஒரு விதிதான். உள்ள இருக்கவ என் மூஞ்சியப் பாக்கப்படாது. நாற்காலி சுவரப் பாத்து இருக்கணும். படிக்கப் போன மொத நாளே சொல்லித் தந்துருவாங்க. எனக்குக் கீழ வேல படிச்ச பிள்ளையளுக்கு நானே எத்தன தடவ சொல்லியிருக்கேன்.

போன வருசம் ஆடி மாசம். கோச்சு ஞானமுத்து பதினாலு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அன்னா, கோட்டுக்கு வெளிய துண்ட வீசிக்கிட்டு நிக்காரே, அவருதான். அவருக்கும் கேக்காது. பேசணும்னா போன்ல டைப் பண்ணிக் காட்டுவாரு. மாநில டீமுக்கு ஆள் எடுக்காங்க, பிள்ளையளுக்குக் காது சர்ட்டிபிகேட் வேணும்னு காட்டினாரு. சுகிர்தாவத் தோளப் பிடிச்சு முன்னாடி இழுத்து நிப்பாட்டி, "இவ இருந்தாத்தான் டீம்" அப்படின்னு தனியா டைப் பண்ணிக் காட்டினாரு. அந்தப் பிள்ள வெக்கப்பட்டுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அன்னைக்கின்னு பாத்து ஏசி போச்சு. அந்த ரூமுக்குள்ள ஏசி இல்லன்னா இட்லிக் கொப்பரைதான். டாக்டரு வேற, ஒரு மணிக்குள்ள முடிச்சிரும், நாகர்கோவில்ல எனக்குக் கல்யாண வீடு இருக்குங்காரு. இந்தப் பிள்ளையளுக்கு வாயால சொல்ல முடியாதுல்லா, நாற்காலிய என் பக்கம் திருப்பி வச்சி, சைகையில சொல்லி, பெறவு உள்ள போயிச் சுவரப் பாத்துத் திருப்பி வைக்கணும். மூணு பிள்ளைக்கித் திருப்பி வச்சேன். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. நாலாவது பிள்ளையில இருந்து திருப்பல. மத்தவளுவளுக்கு ஒண்ணும் ஆகல, கேட்டியளா. அவளுவ பட்டனப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாளுவ. எம்பது, தொண்ணூறுன்னு வந்துது. எட்டாவதா சுகிர்தா.

அவ என்னன்னா டக்கு டக்குன்னு அமுக்குதா. எழுவதுல அமுக்குதா, அறுவதுல அமுக்குதா. கடைசியில சராசரி நாப்பத்தெட்டுல வந்து நின்னுது. மெஷின் சொல்லுதத நான் எழுதினேன். டாக்டரு கையெழுத்துப் போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. வெளிய வரும்போது அந்தப் பிள்ள என்னையப் பாத்துச் சிரிச்சா. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கின பிள்ள டீச்சரப் பாத்துச் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

ஆமா, கோல்தான். அவதான் போட்டா. பாத்தியளா, போட்டுட்டு மேல பாக்கா. என்னையத்தான் பாக்கா. அதுக்குக் காரணம் இருக்கு, வாரேன்.

நாப்பத்தெட்டு வந்ததும் டீம்ல இருந்து பேர அடிச்சிட்டாங்க. அது போவட்டும், ஒரு வருசம் ஆடலன்னா உசுரா போயிரும்? ஆனா கூட ஆடுன பிள்ளையளு அவகிட்டப் பேசுறத விட்டுட்டாளுவ. சின்ன வயசுல இருந்து ஒண்ணா ஹாஸ்டல்ல கிடந்தவளுவ. உனக்குக் கேக்கும், கேக்காத மாதிரி எங்கள ஏமாத்திட்டன்னு சொல்லிட்டாளுவளாம். ஞானமுத்து மட்டும் திரும்ப வந்தாரு. உங்க மெஷின் சரியா இருக்கான்னு டைப் பண்ணிக் கேட்டாரு. மெஷின் சரியாத்தான இருந்துது. நான் தலைய ஆட்டினேன். அது பொய்யில்லியே.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, அவ அம்மா லில்லிபாய். ஜாக்கெட் தைக்கிறவங்க, புருசன் இல்ல, ஒரே பிள்ள. பத்து நாளு கழிச்சி ஒரு சீப்புப் பழத்தையும் ஒரு மாலையையும் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு வந்துட்டாவ. ஸ்கூல்ல எடுத்தப்போ எம்பதுக்கு மேல இருந்த காது நாப்பத்தெட்டுக்கு வந்துட்டு, எம் பிள்ளைக்கு ஆண்டவரு காதத் தொறந்துட்டாருன்னு அழுதாவ. கோயில்ல சாட்சி சொல்லிட்டு நேரா வாறாவளாம். எனக்கு மாலையப் போட்டாவ, அண்ணாச்சி. வெயிட்டிங்ல இருந்த ஜனமெல்லாம் பாக்குது.

பெறவு உக்காந்து கதை சொன்னாவ. மூணு வயசுல இருந்து பழக்கினதாம். பிள்ளைக்குப் பின்னால நின்னுக்கிட்டு சில்வர்த் தட்டுல கரண்டியால தட்டுவாவளாம். கேட்டா, பிள்ள ஒரு புளியங்கொட்டைய டம்ளருக்குள்ள போடணும். போட்டா முத்தம், ஒரு அச்சுமுறுக்கு. போடலன்னா அம்மா மூஞ்சி வாடிரும். ஏழு வருசம் விடாம தட்டினேன், அண்ணன், அதுக்குப் பலன் இப்பக் கிடைச்சிட்டுன்னாவ.

அதக் கேட்டதும் எனக்கு வெளங்கிப் போச்சு. அந்தப் பிள்ள தட்டுத சத்தத்தக் கேட்டுக் கொட்டையப் போடல. நெழலப் பாத்திருக்கா, எதுத்தாப்ல இருக்கவங்க கண்ணப் பாத்திருக்கா. கேட்டாத்தான் அம்மா சிரிப்பாங்கன்னு தெரிஞ்ச பிள்ள எப்படியாவது கேட்டுத்தான காட்டும். மெஷின்ல தட்டி சத்தம் விட்டதும், அமுக்குதாளான்னு நிமிந்து பாக்குதது என் பழக்கம். நான் நிமிந்தேன், அவ அமுக்கினா. அம்புட்டுதான் நடந்திருக்கு. என் கண்ணுதான் அவளுக்குக் கேட்டுருக்கு.

சொல்லியிருக்கலாமேன்னு பாக்கிய. மாலையக் கழுத்துல போட்டுக்கிட்டு எப்படிச் சொல்ல? அந்தம்மா அழுகுதாவ, சிரிக்காவ, ரெண்டும் ஒண்ணாப் பண்ணுதாவ. நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். மறுநாளு டாக்டரு லீவு. அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சலு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. மறைக்கலாம், அண்ணாச்சி. யாரும் தோண்டிப் பாக்கலன்னா ஒரு வருசம்கூட மறைக்கலாம்.

அந்த வருசம் சுகிர்தாவுக்கு எப்படிப் போச்சுன்னா, ஹாஸ்டல்ல இருந்து அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கைய ஆட்டிப் பேசப்படாதுன்னுட்டாவ. காதுதான் கேக்குதே, எதுக்குக் கைன்னு, கைய ஆட்டினா அதப் பிடிச்சு மடியில வச்சிருவாவளாம். பேச்சுப் பழக்குற கிளாஸுக்கு அனுப்பினாவ. பிள்ள அம்மா வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். எதுக்கெடுத்தாலும் 'ம்'னு தலைய ஆட்டும். பிள்ள மெலிஞ்சுக்கிட்டே வாரதப் பாத்துத் தாங்காம, ஞாயித்துக்கிழம மட்டும் ஸ்கூல் கிரவுண்டுல போயி ஆடிக்கோன்னு அந்தம்மாவே விட்டிருக்காவ. அப்படி ஒருநாளு பந்து வந்து காதுல பட்டு, வலியில அப்படியே உக்காந்துட்டா. அதையும் அந்தம்மா வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டாவ. இத ஞாபகம் வச்சிக்கிடுங்க.

போன மாசம் அந்தப் பிள்ள தனியா கிளினிக்குக்கு வந்தா. யூனிபார்ம்ல, புத்தகப் பையோட. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நேரா ரூமுக்குள்ள போனா. நாற்காலியத் தூக்கிச் சுவரப் பாத்துப் போட்டா. ஹெட்போன அவளே எடுத்து மாட்டிக்கிட்டு, எனக்கு முதுகக் காட்டி உக்காந்தா. சத்தம் விட்டேன். அறுவது, ஒண்ணுமில்ல. எழுவது, ஒண்ணுமில்ல. சராசரி எம்பத்திரெண்டு.

முடிஞ்சதும் போன்ல எழுதிக் காட்டினா. "அன்னைக்கி உங்க கண்ணப் பாத்து அமுக்கிட்டேன் அண்ணே. எந்தப்புதான். அம்மாகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்காவ, ஆடுறதுக்காகப் பொய் சொல்லுதேங்காவ. பேப்பர்ல இருக்குல்லாங்காவ. நீங்க சொல்லுங்க." எந்தப்புதான்னு அவ எழுதினா பாருங்க. பதினேழு வயசுப் பிள்ள. நான் சொல்லுதேன்னு தலைய ஆட்டினேன்.

புது ரிப்போர்ட் குடுத்தேன். குடுக்காம இருப்பேனா? எம்பத்திரெண்டுன்னு நியாயமா போட்டுக் குடுத்தேன். ஆனா ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு நம்பர் வந்தா டாக்டரு கேப்பாருல்லா, ஏம்வே இப்படின்னு. அதனால கீழ குறிப்புன்னு ஒரு எடம் உண்டு, அதுல ஒரே ஒரு வரி டைப் பண்ணினேன். கேட்கும் திறன் கடந்த ஓராண்டில் குறைந்துள்ளது. அம்புட்டுதான். டாக்டரும் படிச்சிட்டு, பாவம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. டீம்ல சேத்துக்கிட்டாங்க. கூட்டாளிப் பிள்ளையளும் வந்து கட்டிப் பிடிச்சிக்கிட்டாளுவளாம். எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் ஒரு நாளு நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாளு லில்லிபாய் அந்தப் பேப்பரோட வந்து நிக்காவ. மூஞ்சில ரத்தமே இல்ல. ஒரு வருசத்துல இப்படிக் கொறையுமான்னு கேட்டாவ. கொறையும்னேன். பந்து பட்டதுனாலயான்னு கேட்டாவ.

இருக்கலாம்னேன்.

ஒரு வார்த்தைதான், அண்ணாச்சி. வேற என்னத்தச் சொல்லுவேன், டக்குன்னு கேட்டா? அந்தம்மா சுவத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னாவ. ஆண்டவரு குடுத்தாரு, நான் மனசு இளகி ஆடவிட்டுப் பறி குடுத்துட்டேன்னாவ. அழக்கூட இல்ல. எம் பிள்ளைக்கு நானே எமனாயிட்டேன்னு சொல்லிட்டு, படியில மெதுவா இறங்கிப் போனாவ. கணக்குப் போட்டுப் பாத்தா, அவங்க கவலைக்கு நான் காரணமில்ல, அவங்களா நெனச்சிக்கிட்டது. நான் இருக்கலாம்னுதான சொன்னேன், ஆமான்னு சொல்லலியே.

ஏன் அப்படிப் பாக்கிய?

சரி. ஒண்ணு சொல்லிருதேன். பத்து நாளு கழிச்சித்தான் எனக்கு வெளங்கிச்சின்னு சொன்னேம்லா. அது அப்படியில்ல. அன்னைக்கே தெரியும். சத்தத்த நாப்பத்தஞ்சு வரைக்கும் கொறச்சிட்டேன், அப்பயும் டக்குன்னு அமுக்குதா. எனக்கு ஒரு சந்தேகம். சத்தத்தச் சுத்தமா அணைச்சிட்டுச் சும்மா நிமிந்து பாத்தேன். அமுக்கினா. ஒண்ணுமே இல்லாததுக்கு அமுக்கினா, அண்ணாச்சி. இன்னொரு தடவ செஞ்சேன். அப்பயும் அமுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. எந்திரிச்சுப் போயி நாற்காலியத் திருப்பிப் போட்டு மறுபடி எடுத்தா இருவது நிமிசம். வேர்த்து ஊத்துது, இன்னும் ஆறு பிள்ள உக்காந்திருக்கு, டாக்டரு கதவத் தட்டுதாரு. அதுவரைக்கும் வந்தத வச்சி ஒரு சராசரியப் போட்டு எழுதிட்டேன். மெஷின் சொல்லல அந்த நாப்பத்தெட்ட. நான்தான் போட்டேன்.

அறுவதுன்னு போட்டிருந்தா ஆடியிருப்பாளேன்னு கேக்கியளா? அது எனக்கும் அப்பவே தோணிச்சு. ஆனா கேக்காத நம்பர நானா எழுதினா அது பொய்ச் சர்ட்டிபிகேட் ஆயிரும்லா. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு பொய்ச் சர்ட்டிபிகேட் குடுத்ததில்ல நான்.

...சொல்லும்போதே எனக்கே நாறுது. விடுங்க.

இப்ப விசயம் என்னன்னா, டீம் நாளைக் கழிச்சி ரயிலேறுது. பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் பெத்தவங்க கையெழுத்து வேணும். லில்லிபாய் போட மாட்டேங்காவ. இன்னைக்கி இந்த ஆட்டம்தான் கடைசி, இதோட பந்தத் தொடப்படாதுன்னு பிள்ளைகிட்டச் சத்தியம் வாங்கிருக்காவ. ஞானமுத்து அந்தச் சம்மதப் பேப்பர மடிச்சு சட்டைப் பையில வச்சிருக்காரு. ஆட்டம் முடிஞ்சு கிளம்புறதுக்குள்ள கையெழுத்து வரலன்னா, ஏழாம் நம்பருக்கு வேற பிள்ளைய எழுதி அனுப்பணும்.

காலைல வாசல்ல லில்லிபாயப் பாத்தேன். நீங்க சொல்லுங்க அண்ணன், நீங்க படிச்சவரு, அனுப்பலாமான்னு கேட்டாவ. பந்துனால காது போவாது, தைரியமா அனுப்புங்கன்னேன். நானும் முயற்சி பண்ணாம இல்ல, கேட்டியளா. பந்துனால இல்லன்னா பெறவு எதுனால போச்சு அண்ணன்னு கேட்டாவ. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? அதுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு. அதச் சொன்னா போன காதும் இல்ல, வந்த காதும் இல்ல. ஆட்டம் முடியட்டும், சொல்லுதேன்னுட்டு இங்க மேல வந்து உக்காந்துட்டேன். சுகிர்தா ஓடி வந்து போன நீட்டினா. "சொல்லிட்டீங்களா?" இதோ சொல்லப் போறேன்னு சைகை காட்டினேன். அதுல இருந்துதான் ஒவ்வொரு கோலுக்கும் மேல பாக்கா.

அன்னா அங்க, மூணாவது வரிசையில, ஊதாச் சேல. அவங்கதான். ஆட்டத்தையே பாக்கல பாருங்க. பந்து சுகிர்தா பக்கம் எழும்பி வரும்போதெல்லாம் ரெண்டு கையாலயும் தன் காதப் பொத்திக்கிடுதாவ. பிள்ளைக்குப் படப்போற அடி இவங்க காதுல படுத மாதிரி. நான் வந்ததுல இருந்து எண்ணிக்கிட்டிருக்கேன், பதினொரு தடவ.

கொடி தூக்கிட்டாரு. முடிஞ்சிட்டு. அஞ்சுக்கு ரெண்டு, நம்ம பிள்ளையளுதான் ஜெயிச்சிருக்காளுவ.

எந்திரிக்காதிய அண்ணாச்சி, கொஞ்சம் இருங்க. அந்தம்மா இங்கதான் ஏறி வாறாவ. கையில பேப்பரு இருக்கு, ஞானமுத்து குடுத்து விட்டிருக்காரு. பிள்ள கீழயே நிக்கா, நகரல, மூச்சு வாங்குது, இங்கயே பாத்துக்கிட்டிருக்கா. நான் சொல்லிருவேன். இன்னைக்கிச் சொல்லிருவேன். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், ஒரு தைரியத்துக்கு. பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு இருக்கு. கையப் பிடிச்சதுக்குக் கோவிச்சிக்கிடாதிய, எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

வாங்க லில்லிபாய், வாங்க, இப்படி உக்காருங்க. பிள்ள நல்லா ஆடினா. அனுப்புறதப் பத்தித்தான, இருங்க, பேசுவோம். இவரு... இவரு எனக்கு ரொம்ப வேண்டியவரு. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு இம்புட்டு நேரமா காத்துக்கிட்டிருக்காரு.